கேட்டுப் பெற்ற இசை

கிற்றார் என்றதும் நம் நாட்டவர் பலருக்கு நினைவில் எழுவன கலியாண வீட்டுப் பைலாவும் சினிமாப் பாட்டின் பின்னணித் தாளமுமேயாம். அக்கருவி தனித்து மேடையேறி, பக்கவாத்தியம் எதுவுமின்றி, ஒரு பெருஞ்சபையைக் கட்டிப்போட வல்லது என்று கூறினால் ஐயத்தோடு நோக்குவாரும் உளர். நம்மவரைக் குறை கூறுவதற்கில்லை. இசைக்கல்வியிற் பேர்பெற்ற இலண்டன் மாநகரிலேயே 1940களில் நிலைமை இதனினும் பெரிதும் மேம்பட்டிருக்கவில்லை.

அந்நகரில் 1933 ஆம் ஆண்டு யூலை 15 ஆந் திகதி பிறந்தவர் யூலியன் பிறீம். தந்தையார் விளம்பரச் சித்திரம் வரைபவர். ஓய்வு வேளையில் ஜாஸ் இசைக்குக் கிற்றார் மீட்டுபவர். வீட்டிற் கேட்ட அவ்வொலியே மகனையும் பிடித்துக்கொண்டது. 1947 இல், தமது பதின்மூன்றாம் வயதிலே, செல்ற்றனம் நகரிற் பிறீம் கச்சேரி செய்தார். ஆயினும் றோயல் இசைக் கல்லூரியிற் சேர்ந்தபொழுது அவர் பயின்றவை பியானோவும் செலோவுமே. கிற்றாருக்கு அங்கே ஆசிரியரும் இல்லை, பாடமும் இல்லை. கிற்றாரைக் கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது.

இதனை வெறும் செருக்கு என்று தள்ளிவிடலாகாது. பியானோவுக்குப் பேத்தோவனும் சோப்பினும் எழுதிக் குவித்தனர். தனிக் கிற்றாருக்கு அவ்விருவரும் ஒரு வரிதானும் எழுதினாரல்லர். கிற்றாருக்கு எழுதியவர் பெரும்பாலும் கிற்றார் மீட்டியவரே. ஸ்பானிய மேதை அந்திரேஸ் செகோவியா (1893–1987) இக்குறையை உணர்ந்து, தம் காலத்து இசையாக்குநர் பலரைத் தூண்டிப் புதிய உருப்படிகளை எழுதுவித்தார். அவருக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் சுவை இனிமையும் ஸ்பானிய மணமும் கமழும் இசையோடு நின்றுவிட்டது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிராங் மாட்டின் என்பவர் 1933 இல் நான்கு சிறு உருப்படிகளை எழுதிச் செகோவியாவுக்கு அனுப்பினார். மறுமொழி வரவில்லை. தாம் எழுதியது கிற்றாரில் மீட்ட இயலாதது போலும் என்று எண்ணிய மாட்டின், அதனைப் பியானோவுக்கு மாற்றி எழுதிவிட்டு வாளாவிருந்தார். அவ்வுருப்படிகள் பிறந்த ஆண்டும் பிறீம் பிறந்த ஆண்டும் ஒன்றே. முப்பதாண்டுகளின் பின் பிறீம் அவற்றை இசைத்தட்டிற் பதிவு செய்தார். இன்று கிற்றார் பயிலும் மேனாட்டு மாணவருக்கு அவை இன்றியமையாத பாடம்.

மாட்டினின் ஐயத்தில் நியாயம் இல்லாமலில்லை. கிற்றாரை மீட்டாத ஒருவர் அதற்கு இசை எழுதுவது, யாப்பறியாதவன் வெண்பாப் பாடப் புகுந்தது போன்றது. ஆறு தந்திகள், அவற்றை மெட்டுகளில் அழுத்த இடக்கையின் நான்கு விரல்கள். ஒரே சுரத்தை இரண்டு மூன்று தந்திகளில் எடுக்கலாம். எங்கே எடுப்பது என்பதிலே அடுத்த சுரத்தின் கதி அடங்கியிருக்கிறது. தாளில் அழகாகத் தோன்றும் ஒரு சுரக்கூட்டு கைக்கு எட்டாமற் போகலாம். எட்டினாலும், வயலினைப் போல் ஒலியை நீட்டிப் பிடிக்க இயலாது. மீட்டிய கணமே அது தேயத் தொடங்குகிறது. பேரிசையாக்குநர் பலர் இக்கருவியை ஒதுக்கியமைக்கு அச்சமே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

பிறீம் இந்த அச்சத்தைப் போக்கும் பணியைத் தம் வாழ்நாள் வேலையாக மேற்கொண்டார். இசையாக்குநரிடம் தாமே சென்று கேட்டார். கருவியை மீட்டி, கைக்கு எது இயலும், எது இயலாது என்று காட்டினார். எழுதி வந்ததற்கு விரலிடும் முறை வகுத்துப் பதிப்பித்தார், அரங்கேற்றினார், இசைத்தட்டிற் பதித்தார். அவ்வளவோடும் அமையாமல், மீண்டும் மீண்டும் ஊரூராய் வாசித்தார். இந்தக் கடைசிச் செயலே எல்லாவற்றிலும் பெரிது. அரங்கேறிய அன்றே அடக்கமாகிவிட்ட புதிய உருப்படிகள் எத்தனையோ!

பிறர் பிற கருவிகளுக்கு எழுதியவற்றைக் கிற்றாருக்கு அமைத்துக்கொள்வதிலும் அவர் வல்லவர். ஸ்கார்லாற்றி, சிமரோசா ஆகியோரின் சொனாற்றாக்களை அவ்வாறு அமைத்தார். ஆயினும் இரவற் சொத்திலே ஒரு கருவி எத்துணைக் காலம் வாழும்? சொந்தமாக வேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். லெனக்ஸ் பார்க்லி 1957 இல் ஒரு சொனற்றீனா தந்தார். மல்கம் ஆர்னோல்ட் 1959 இல் வாத்தியக்குழுவோடு இசைக்கும் கொன்செர்ற்றோ ஒன்றைத் தந்தார்; அதன் நடுப்பகுதி, பிறீம் இளமையிற் போற்றிய ஜாஸ் கிற்றார்க் கலைஞர் ஜாங்கோ றைன்ஹார்ட்டின் நினைவுக்கு உரியது. வில்லியம் வோல்ற்றன் 1971 இல் எழுதிய ஐந்து பகற்றெல்கள் கைக்கும் காதுக்கும் ஒருங்கே விருந்தாவன. அவற்றை அவரே பின்னர் முழு வாத்தியக்குழுவுக்கு விரித்தெழுதினார். பியானோவிடம் இரவல் வாங்கிய கிற்றார், இவ்விடத்தே கடன் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டது.

ஜேர்மனியரான ஹான்ஸ் வேர்ணர் ஹென்ஸவிடம் பிறீம் கேட்டதோ பேராசை. பேத்தோவனின் ‘ஹமர்கிளவியர்’ என்னும் மாபெரும் பியானோ சொனாற்றாவை ஒத்த ஒன்று கிற்றாருக்கும் வேண்டும் என்றார். ஹென்ஸ, சேக்ஸ்பியரின் நாடக மாந்தரைப் பொருளாகக் கொண்டு, 1976 இல் நீண்டதொரு சொனாற்றாவை முடித்துக் கொடுத்தார்.

கேட்டவிடமெல்லாம் கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். 1965 இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில், படக்கருவி ஓடிக்கொண்டிருக்க, முதியவரான ஸ்ற்றவின்ஸ்கியின் முன் அமர்ந்து பிறீம் லூற் என்னும் பழைய தந்திக்கருவியை மீட்டினார். எமக்கும் ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று வேண்டினார். பெரியவர் கேட்டு மகிழ்ந்தார். உருப்படி மட்டும் வரவேயில்லை.

லூற் என்றேன். பாதிப் பேரிக்காய் போன்ற வயிறுடைய அக்கருவி மூன்று நூற்றாண்டுக்கு முன்னர் ஐரோப்பிய அரண்மனைகளிற் கொலுவிருந்தது. அதனையும் பிறீம் கற்று, பீற்றர் பியர்ஸ் என்னும் பாடகரோடு சேர்ந்து, யோன் டௌலண்ட் (1563–1626) இயற்றிய பாடல்களை மேடையேற்றினார். பியர்ஸின் உற்ற துணைவரே பெஞ்சமின் பிறிற்றன். அந்நாளைய ஆங்கில இசையாக்குநருள் முதல்வரென மதிக்கப்பட்டவர். பழைய பாடல்களை அவ்விருவர் வாயிலாகவும் கையிலாகவும் கேட்டிருந்த பிறிற்றன், 1963 இல் பிறீமுக்கென ‘நொக்ற்றேர்னல்’ என்னும் உருப்படியை எழுதினார். 1964 யூன் 12 ஆந் திகதி ஓல்ட்பரோ விழாவில் அது அரங்கேறிற்று.

வழக்கமாக ஒரு பாட்டை முதலில் வைத்து, அதன் பின் அதனைப் பலவாறு திரித்து விரிப்பதே மேனாட்டு முறை. நம் வித்துவான்கள் பல்லவியை எடுத்துப் பின் நிரவல் செய்வதும் ஏறக்குறைய அப்படியே. பிறிற்றன் இதனைத் தலைகீழாக்கினார். திரிபுகள் எட்டும் முன்னே வருகின்றன. மூலப்பாட்டு ஈற்றில் வருகிறது. அப்பாட்டு, டௌலண்ட் 1597 இல் வெளியிட்ட, துயிலை வாவென்று அழைக்கும் பாட்டு. ஆகவே நாம் முதலிற் கேட்பது உறக்கம் வராத ஒருவனின் இரவு. நினைவு அலைகிறது, கலக்கம் மூள்கிறது, எங்கோ அணிநடை ஒலிக்கிறது, கனவு போலச் சிறிது தெளிகிறது. எட்டாவதிலே, கீழிறங்கும் ஒரு சிறு சுரவரிசை விடாது திரும்பத் திரும்ப வந்து, நெஞ்சை அடைக்குமளவுக்கு வேகமும் வலிமையும் கொள்கிறது. அப்புயல் ஓய்ந்தபின்னரே, நானூறாண்டுப் பழைமை வாய்ந்த பாட்டு, எளிய கோலத்தில், மெல்ல வந்து தேய்ந்து மறைகிறது. மீட்டிய கணமே தேயும் ஒலி கிற்றாரின் குறை என்றேனல்லவா? அக்குறையே இங்கே பொருளாகிவிட்டது. வேறெந்தக் கருவியிலும் அம்முடிவு அவ்வாறு அமையுமென நான் நம்பவில்லை.

1984 இல் நேர்ந்த கார் விபத்தொன்றிற் பிறீமின் வலது முழங்கை நொறுங்கியது. மீட்டும் கையல்லவா! ஐம்பது கடந்த வயதில் அக்கையை மீண்டும் பழக்கி எடுத்தார். கேட்பதையும் நிறுத்தவில்லை. அதன் பின்னரே யப்பானியரான தோரு தக்கேமித்சு 1987 இலும், கியூபாவின் லியோ புரோவர் 1990 இலும் அவருக்கு எழுதினர். 2002 இல் மேடையிலிருந்து ஓய்வுபெற்றார். தாம் வாசிக்க முடியாத காலத்திலும் பிறர் வாசிக்கப் புதியன எழுதுவிப்பதற்கெனத் தம் பெயரில் நிதியமொன்றை நிறுவினார்; 2013 இல் ஹரிசன் பேட்விஸில் எழுதிய உருப்படி அந்நிதியத்தின் வேண்டுகோளாற் பிறந்ததே. 2020 ஓகஸ்ட் 14 ஆந் திகதி, 87 ஆம் வயதில், பிறீம் காலமானார்.

‘நொக்ற்றேர்னல்’ பதினெட்டு நிமிடம் வரை செல்லும். மாணவர் சிலர் டௌலண்டின் பாட்டை முதலிற் கேட்டுவிட்டு இதனைக் கேட்கலாமா என வினவக்கூடும். வேண்டாம் என்பேன். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின், விளக்கைத் தணித்துவிட்டு, முதல் திரிபிலிருந்தே கேளுங்கள். பாட்டு தன் நேரத்தில் வரட்டும்.