நல்ல கம்பெனி, நிர்வாகம் சரியில்லை! விடுவதா... இருப்பதா?
ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்களின் திண்டாட்டம்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி போர்டுதான். கார், மோட்டார் சைக்கிள், செல்போன், வாஷிங் மெஷின் எல்லாம் இங்கே தயாராகிறது. பெரிய கம்பெனியில் "பர்மனென்ட்" ஆன வாலிபருக்கு ஊரில் தனி மரியாதை. பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட முதலில் கம்பெனி பெயரைத்தான் விசாரிக்கிறார்கள்.

கேட்டுக்கு உள்ளே நிலைமை எப்படி? சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. பஸ் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. ஆனால் மேலே உள்ளவர்கள் நடத்துகிற விதம் சரியில்லை என்றால் என்ன செய்வது? பேசாம எழுதிக் கொடுத்துட்டு வேற கம்பெனிக்குப் போயிடலாமா?

இந்தக் கேள்விக்கு 2024-ம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். "போக மாட்டோம், கேட்போம்" என்பதே அந்தப் பதில்.

37 நாள் போராட்டம்

சுங்குவார்சத்திரம் அருகே உள்ள சாம்சங் ஆலை 2007-ல் தொடங்கப்பட்டது. பிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் தயாரிக்கும் இங்கு சுமார் 1,800 தொழிலாளர்கள் உண்டு. 2024 செப்டம்பர் 9-ந்தேதி அவர்களில் பெரும்பாலோர் வேலை நிறுத்தத்தில் குதித்தனர்.

சங்கத்தை ஏற்க வேண்டும், சம்பளத்தை உயர்த்த வேண்டும், வேலை நேரத்தைச் சீராக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். வேலையில் நெருக்குதல் தாங்க முடியவில்லை, மணிக்கணக்கில் ஓய்வில்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது என்று சி.ஐ.டி.யு. தரப்பில் குற்றம் சாட்டினார்கள். சட்டப்படியே நடப்பதாகக் கம்பெனி பதில் சொன்னது. இந்தப் பகுதியில் இதே வேலை செய்பவர்கள் வாங்குவதைப்போல் 1.8 மடங்கு சம்பளம் தருவதாகவும் கூறியது.

முடிச்சு இங்கேதான்!

அந்த 1.8 மடங்கில்தான் முடிச்சு இருக்கிறது. அப்போது அங்கே சராசரி மாதச் சம்பளம் சுமார் 25 ஆயிரம் ரூபாய். கம்பெனி கணக்கு சரி என்றால், அதே தொழிலாளி ரோட்டைக் கடந்து எதிர் கேட்டுக்குப் போனால் 14 ஆயிரம் ரூபாய்தான் தேறும். மேனேஜர் மீதுள்ள கோபத்துக்கு மாதம் 11 ஆயிரம் ரூபாய் அபராதம்!

அதோடு போகுமா? சர்வீஸ் போய்விடும். புது இடத்தில் மீண்டும் டிரெய்னியாகத் தொடங்க வேண்டியிருக்கும். பர்மனென்ட் தொழிலாளி 5 ஆண்டு முடிக்காமல் விலகினால் கிராஜுட்டியும் இல்லை. முடித்திருந்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் கிடைக்கும். அங்கேயும் ஒரு கெட்ட சூப்பர்வைசர் இருக்க மாட்டார் என்பதற்கு யார் ஜாமீன்?

இருப்பதும் சும்மா இல்லை

அதற்காக, நின்று கேட்பது லேசு என்று நினைத்துவிடக் கூடாது. செப்டம்பர் 16-ந்தேதி காஞ்சீபுரத்தில் ஊர்வலம் போக வந்த 104 பேரைப் போலீசார் பிடித்து, பிறகு விடுவித்தார்கள். அக்டோபரில் போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. அமைச்சர்கள் பேசிப் பார்த்து, அக்டோபர் 15-ந்தேதிதான் சமரசம் ஏற்பட்டது. அதற்குள் 37 நாள் ஓடிவிட்டது.

சங்கத்தைப் பதிவு செய்ய ஐகோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அடுத்த மாதமே சங்கத்தைச் சேர்ந்த 3 பேர் சஸ்பெண்டு! மறுபடியும் உள்ளிருப்புப் போராட்டம். கடைசியில் 2025 மே மாதம் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. 3 ஆண்டில் மாதச் சம்பளம் 18 ஆயிரம் ரூபாய் அளவுக்கு உயர வழி பிறந்தது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

எல்லோராலும் முடியுமா?

முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகே ஆப்பிள் கம்பெனி விழித்தது. ஆலை மூடப்பட்டு ஜனவரி 12-ந்தேதிதான் திறந்தது. உள்ளே முறையிட வழி இருந்திருந்தால் ரோட்டுக்கு வந்திருப்பார்களா?

கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஆபத்து. 2006-ல் வந்த நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. 2014 நவம்பர் 1-ந்தேதி உற்பத்தி நின்றது. தொழிலாளி விசுவாசமாக இருந்தாலும் கம்பெனியே கிளம்பிவிடும்!

பார்க்க வேண்டியது எது?

ஆகவே, கம்பெனி நல்லதா என்பது மட்டும் கேள்வி அல்ல. குறையைச் சொன்னால் மேலே போய்ச் சேருமா, பக்கத்தில் நிற்க நாலு பேர் உண்டா என்பதே கேள்வி. இரண்டும் இருந்தால் ஒரு மேனேஜருக்காக நல்ல வேலையை விடுவது நஷ்டம். மேனேஜர் மாறுவார், விட்ட சர்வீஸ் திரும்பாது.

இரண்டும் இல்லை, உடம்பும் மனசும் கெடுகிறது என்றால் விலகுவதில் தப்பில்லை. ஆனால் கோபத்தில் அல்ல, கணக்குப் பார்த்து. 5 ஆண்டு முடிய எத்தனை மாதம் பாக்கி, பி.எப். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புது கம்பெனியின் ஆர்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதத்தைக் கொடுக்க வேண்டும்.

நிர்வாகங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நல்ல சம்பளம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கலாம். வாயை அடைக்க முடியாது!