பயர் ஆபீஸ் தாங்கிய உடம்பு பந்தைத் தாங்காதா?

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கால்பந்து ஆடப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் பதில், "பொட்டப் புள்ள உடம்புக்கு அதெல்லாம் ஆகாது." படிக்காத பாட்டி மட்டுமல்ல, பட்டம் வாங்கிய அப்பாவும் இதைத்தான் சொல்கிறார். இது பொய். அதிலும் இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்லக் கூச வேண்டிய பொய்.

இதே உடம்புதானே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது? விடியுமுன் கம்பெனி வண்டி ஊர் ஊராக வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை, பெரும்பாலும் பெண்பிள்ளைகளை, ஏற்றிக்கொண்டு போய் இருட்டிய பிறகு இறக்கிவிடும். நாளெல்லாம் உட்கார்ந்த இடத்தில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், மருந்து நெடியை மூச்சாக இழுத்தார்கள். உடம்புக்கு ஆகாது என்று ஊர்ப் பெரியவர்கள் அந்த வண்டியை மறித்ததுண்டா? பிஞ்சு விரல் இந்த வேலைக்கு வாகாக இருக்கும் என்றல்லவா சொன்னார்கள்! வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று அம்மாக்கள். பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையில் வெடி சுற்றுகிறார்கள், சரம் பின்னுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அதன் பிறகும் பக்கத்து ஆலைகளுக்குப் பெண்கள் போனார்கள். போகாமல் அடுப்பு எரியாது. இத்தனை ஆபத்தைப் பெண் உடம்பு தாங்கும் என்று ஒப்புக்கொண்ட ஊர், முழங்கால் சிராய்ப்பை மட்டும் தாங்காது என்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக் கெர் ஆலையில் போர்த் தளவாடம் செய்த பெண்கள் 1917-இல் கால்பந்து அணியாகத் திரண்டார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் இது பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்று சொல்லித் தன் மைதானங்களை மூடியது. வெடிமருந்தோடு புழங்கிய கைகளுக்குப் பந்துதான் ஆபத்தாம்! அந்தத் தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

அது பழங்கதை என்பவர்கள் நம் பக்கத்து நாட்டைப் பார்க்கட்டும். தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் போட்டியை 2017 டிசம்பரில் டாக்காவில் நடத்தியது. இறுதி ஆட்டத்தில் வங்கதேசம் 1-0 என்று இந்தியாவை வென்றது. அணித் தலைவி மரியா மண்டா, மேகாலய எல்லையை ஒட்டிய கல்சிந்தூர் என்ற சிற்றூர்க்காரி. தகப்பனை இழந்து, கூலி வேலை பார்த்த தாயின் உழைப்பில் வளர்ந்தவள். கோல் போட்ட ஷம்சுன்னாகரும் அதே ஊர்தான். அந்த ஊரின் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பந்தைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஒரு நாட்டு அணிக்கே ஆட்கள் கிடைத்தார்கள். அங்கும் அரைக்கால் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு திம்புவில் இந்தியப் பிள்ளைகள் அதே 1-0 கணக்கில் கோப்பையைப் பிடித்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியில் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதை நடத்தும் குடும்பத்தார் 2016-இல் தொடங்கிய சேது எஃப்.சி. அணி, 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடியவர். 2022-இல் வங்கதேசத்துக்குத் தெற்காசியக் கோப்பையை வாங்கித்தந்த தலைவி சபினா கதூன், 2018-இல் போட்டிருந்ததும் சேது அணியின் சட்டைதான். விருதுநகரில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்?

முழங்கால் தசைநார்க் காயம் பெண்களுக்குக் கூடுதலாக வரும் என்பது உண்மை. காயங்களைக் குறைக்க ஃபிஃபா முன்வைத்த '11+' பயிற்சிமுறை இருக்கிறது. ஆடுமுன் இருபது நிமிடம், செலவில்லை. நம் பிள்ளைகளுக்கு ரத்தசோகை அதிகம் என்பதும் உண்மை. அதற்கு மருந்து முட்டையும் கீரையும் இரும்புச் சத்து மாத்திரையும். மூலையில் உட்காரவைப்பது அல்ல.

வெயிலில் கறுத்துப் போவாள், நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பதுதான் உள்ளே இருக்கும் பயம். அதை அப்படியே சொல்லுங்கள், பேசித் தீர்க்கலாம். பிள்ளையின் உடம்பின் மேல் பழியைப் போடாதீர்கள். தலைமையாசிரியர்களே, பள்ளி மைதானத்தில் வாரம் மூன்று மாலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதிவையுங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். பட்டாசு முதலாளிகளே, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிட ஆளுக்கொரு வண்டி கொடுங்கள். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்கலாம்.