சராசரி சொல்லாத செங்கல்பட்டு

‘பி.சி.ஜி. ஊசி பயனற்றது, செங்கல்பட்டிலேயே அது தோற்றுவிட்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவோர் பெருகிவிட்டனர். பாடபேதம் பாராமல் உரை வகுப்போரை மன்னிக்காத நாம், எண்களுக்கு மட்டும் அச்சலுகையைத் தருவானேன்?

1968இல் தொடங்கிய அச்சோதனை காசநோய்த் தடுப்பூசி வரலாற்றிலேயே மிகப் பெரியது. 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் தடுப்பூசியோ வெற்று ஊசியோ இடப்பட்டது. ஆகவே, ஒப்பிடப்படும் குழுக்கள் தொடக்கத்தில் ஒத்தவை என்னும் எடுகோள் அச்சோதனைக்குள் உறுதியாக நிற்கிறது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளிவந்தது: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்கு 27 விழுக்காடு, அதன் பிழையெல்லையோ சுழியையும் உள்ளடக்கியது. இம்முடிவை நாம் மறுக்கவில்லை.

பிழை அடுத்த அடியில் நேர்கிறது. 1950இல் பிரிட்டனில் தொடங்கிய சோதனை ஏறத்தாழ 77 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. அங்கே பதினான்கு, பதினைந்து வயது நகரத்துச் சிறார். இங்கே மழலை முதல் முதியோர் வரை, பெரும்பாலும் கிராமத்தவர். மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினங்கள் இம்மக்களின் உடலை முன்னரே பழக்கியிருக்கக்கூடும் என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. இத்தகைய இரு குழுக்களின் சராசரிகளை ஒரே தராசில் ஏற்றலாமா?

ஏற்றியும் பார்த்தார்கள். பல சோதனைகளைக் கூட்டிய 1994ஆம் ஆண்டு ஆய்வு, பாதுகாப்பு 50 விழுக்காடு என்றது. சோதனைகளுக்கிடையிலான வேறுபாட்டில் 41 விழுக்காட்டை அட்சரேகையே விளக்குகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் எண்ணை முழங்குவோர் இரண்டாம் எண்ணை விழுங்கிவிடுகின்றனர். அந்த ஐம்பது எந்த ஊரின் உண்மை?

ஊர்ப்பெயரும் ஒரு சராசரிதான். சோதனை நடந்தவை திருவள்ளூரைச் சுற்றிய ஊர்கள், மாமல்லபுரக் கரையன்று. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் பிரிந்தது. இன்றைய மாவட்டம் 2019இல் பிறந்தது. பெயர் ஒன்றாயிருப்பதால் கடலோரத்துக் குப்பமும் அக்கணக்கில் அடங்கிவிடுமா?

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, பிறந்தவுடன் அதனை இடுவது அதற்காகவே. செங்கல்பட்டுச் சோதனை எழுப்பிய முதன்மைக் கேள்வி அதுவன்று. கேட்காத கேள்விக்கு விடையாக அதன் சராசரியை நீட்டி, பிள்ளை பெற்றவளை ஊசியினின்று விலக்குவது அறிவன்று. அறிவின் பெயரால் இழைக்கும் தீங்கு. இரு சராசரிகளை யாரேனும் நம்முன் வைத்தால், முதலில் கேட்போம்: இவை எவருடையவை, எவ்விடத்தவை, எவ்வளவு சிதறியவை?