வெட்கத்தை அளக்கவும் ஓர் அளவுகோல் வேண்டும்

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" கல்யாண வீட்டிலோ பேருந்து நிறுத்தத்திலோ யாரும் சாதாரணமாகக் கேட்கும் கேள்விதான். ஆனால் சில பெற்றோர் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். இரண்டு என்றால் ஒரு குழந்தையை மறைத்ததாகிவிடும். மூன்று என்றால், "மூன்றாவது பிள்ளை எங்கே?" என்ற கேள்வி வரும். அந்தக் குழந்தை இறந்தே பிறந்திருக்கும்.

கருவுற்று 28 வாரங்களுக்குப் பிறகு உயிரின்றிப் பிறக்கும் குழந்தைகளை மட்டும் கணக்கெடுத்தாலும், உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லியன் வருகிறது. நஞ்சுக்கொடிக் கோளாறு, கிருமித்தொற்று, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு எனக் காரணங்கள் பல உண்டு. பல சமயம் காரணமே தெரிவதில்லை. அங்கேதான் பழி நுழைகிறது. "கனமானதைத் தூக்கியிருப்பாள்", "அவள் ராசி அப்படி" என்று பேச்சு வரும். சில நாள் கழித்து அந்தத் தாயே அதை நம்பத் தொடங்கிவிடுவாள்.

இதைத்தான் சமூகக் களங்கம் என்கிறோம். எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் அதை எப்படி அளப்பது? வெப்பமானியை வாயில் வைத்தா பார்க்க முடியும்?

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் இதற்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் இருப்பவை வாக்கியங்கள்தாம். "மற்றவர்கள் என்னைக் குறைவாக நினைக்கிறார்கள்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைப் படித்து, எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறோம் என்று குறிக்க வேண்டும். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய முறை இது. நீங்களும் பள்ளியில் இத்தகைய படிவங்களை நிரப்பியிருப்பீர்கள். பாதி பேர் யோசிக்காமல் நடுக்கட்டத்தில் கோடிட்டிருப்பீர்கள், அது வேறு கதை. ஒரே மாதிரி பதில் பெறும் வாக்கியங்களைக் கணிதத்தால் சேர்த்துப் பார்த்தபோது நான்கு கூறுகள் தெரிந்தன: பிறர் தம்மைத் தாழ்வாக எண்ணுவதாக உணர்வது, பாகுபாட்டுக்கு ஆளாவது, வெளியே சொல்லத் தயங்குவது, தம்மையே குறை கூறிக்கொள்வது.

"துக்கத்துக்கு மதிப்பெண்ணா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. இங்கே அளக்கப்படுவது துக்கமல்ல, அதன்மேல் மற்றவர்கள் ஏற்றிவைத்த பாரம். எண்ணாக மாறாத எதற்கும் மருத்துவமனை வரவுசெலவுக் கணக்கில் இடம் கிடைப்பது கடினம். ஆலோசகரை நியமித்தபின் களங்கம் குறைந்ததா என்று அறியவும் முன்பும் பின்பும் அளந்துதானே ஆகவேண்டும்?

ஆனால் இந்த அளவுகோல் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடவும் முடியாது. மிகவும் வெட்கப்படுபவர் படிவத்தையே நிரப்பமாட்டார். அதனால் கிடைக்கும் சராசரி உண்மையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அப்பாக்களும் இத்தகைய ஆய்வுகளில் எளிதில் விடுபடுகிறார்கள். "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று அவர்களிடம் கேட்பவர்கள், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை.

இன்னொன்று மொழி. ஆங்கில வாக்கியங்களைத் தமிழிலோ மலாயிலோ பெயர்த்தால் மட்டும் போதாது. நம் குடும்பங்களில் குழந்தையைப் பறிகொடுத்தவளை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குவார்கள். அழைத்தாலும் வளையல் பூட்ட விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் எழுதிய படிவம் இதைக் கேட்காது. இங்குள்ள தாய்மாரோடு முதலில் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்லும் சொற்களிலிருந்துதான் நமக்கான வாக்கியங்களை எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் வளையல் முதலில் வரும் என்று நினைக்கிறேன்.