தாமதக் குறியீடு 93

நம் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் 93. முந்தைய பயணத்திலிருந்து விமானம் தாமதமாக வந்து சேர்ந்தது, அதனால் இந்தப் பயணமும் தாமதம் என்று அதற்குப் பொருள். மாலை ஏழு மணி விமானம் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டால் டியூட்டி ஆபீசர் 93 போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு முதல் ஊரில் என்ன நடந்தது என்பது வேறு யாரோ கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பதற்குத்தான் மேலாளர் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்தேன். வந்த இளைஞர் விமானப் போக்குவரத்து மேலாண்மையில் எம்பிஏ. நல்ல மதிப்பெண், தெளிவான பேச்சு. “93-ன்னா என்ன தம்பி?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது காலேஜ்ல சொல்லித் தரல சார்” என்றார். மாஸ்லோவின் பிரமிடு தெரிந்திருந்தது. சந்தைப்படுத்தலின் நான்கு ‘பி’களும் வரிசையாக வந்தன. விமான எரிபொருளுக்கு எந்த வரி என்று கேட்டதற்கு ஜிஎஸ்டி என்றார். இரண்டு ஆண்டுகளையும் வீட்டார் வாங்கிய கடனையும் செலவழித்துப் படித்தவர் அவர். கோபம் அவர்மேல் வரவில்லை.

சென்ற டிசம்பரை நாம் இன்னும் மறக்கவில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. பைலட் பற்றாக்குறை என்று செய்திகளில் எழுதினார்கள். அந்தச் சொல் பாதி உண்மைதான். விமானிகளின் பணிநேர வரம்பைத் திருத்தி டிஜிசிஏ விதி வெளியிட்டது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆகும், இரவுப் பணியில் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2 ஆகக் குறையும் என்பதெல்லாம் அப்போதே எழுத்தில் வந்துவிட்டது. பிறகு அமலாக்கம் தள்ளிப்போனது, நீதிமன்றம் வரை போனது. இரண்டு கட்டமாகப் பிரிந்து, இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடப்புக்கு வந்தது. குளிர்கால அட்டவணை அக்டோபர் 26 அன்றே தொடங்கியிருந்தது. ஆறு நாள் இடைவெளி.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளையும் போடக்கூடியது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 36 கழித்தால் 132, 48 கழித்தால் 120. ரோஸ்டர் போடக் கிடைக்கும் நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு ஒரே கையெழுத்தில் போய்விடுகிறது. இரவு வரம்பும் சேர்ந்தால், நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும் பயணங்களை நம்பி அட்டவணை போட்ட நிறுவனத்துக்கு அடி இன்னும் பலமாக விழும். பைலட் பயிற்சிக்கு எத்தனை மாதம் ஆகும், கேப்டன் பதவி உயர்வுக்கு எத்தனை மாதம் ஆகும் என்பது திட்டப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் அட்டவணையையும் ஆளையும் ஒரே காகிதத்தில் வைத்துப் பார்க்கும் வேலை எங்கோ நின்றுபோனது. மேலாண்மைக் கல்வி என்று நாம் சொல்வது இந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்லித் தருவதாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எத்தனையோ பாடத்திட்டங்களில் ரோஸ்டர் என்பது ஒரு பத்திக்கு மேல் இல்லை.

இப்போது வகுப்பறைகளில் நடப்பது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான ஓராண்டு டிப்ளமோக்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. டை கட்டிய பையனும் தள்ளு பெட்டியோடு சிரிக்கும் பெண்ணும் உள்ள அந்தப் பதாகைகள் மதுரையிலும் திருச்சியிலும் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே தொங்குகின்றன. வருத்தம் முதுநிலைப் படிப்பைப் பற்றியது. பொது எம்பிஏ பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, நான்கு தாள்களின் பெயரில் ‘ஏவியேஷன்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் போதும் என்ற எண்ணம் பரவிவிட்டது. வேலை கொடுப்பவர்களும் இதற்கு உடந்தை. இந்திய விமான நிலைய ஆணையம் விமான நிலைய இயக்கப் பிரிவுக்கு ஜூனியர் எக்சிகியூட்டிவ் எடுக்கும்போது கேட்பது அறிவியல் பட்டத்தோடு எம்பிஏ, இல்லையென்றால் பொறியியல் பட்டம். எந்த எம்பிஏ என்று கேட்பதில்லை. இரண்டு ஆண்டு விமான நிலையத்தையே படித்தவரும் வங்கி நிதியைப் படித்தவரும் அந்தப் படிவத்தில் ஒன்றுதான்.

படிக்க விஷயமா இல்லை? எரிபொருளையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு எரிபொருளுக்குப் போகிறது. அது ஜிஎஸ்டிக்குள் வராமல் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மதிப்புக்கூட்டு வரியோடு நிற்கிறது. தமிழ்நாட்டில் நெடுநாளாக 29 விழுக்காடு. பல மாநிலங்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறக்கிவிட்டன. அப்படியானால் மலிவான ஊரில் அதிகமாக நிரப்பிக்கொண்டு சென்னைக்கு வரலாமா? வரலாம். ஆனால் கூடுதலாகச் சுமக்கும் எரிபொருளில் மணிக்குச் சுமார் மூன்று, நான்கு விழுக்காடு அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். தரையிறங்கும் எடை கூடும், சில நாள் சரக்கை இறக்கிவைக்க வேண்டியும் வரும். எந்த வழித்தடத்தில் லாபம், எதில் நட்டம் என்று ஒரு மாணவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்தால் பொருளாதாரம், வரிச் சட்டம், விமானச் செயல்திறன் மூன்றும் ஒரே மதியத்தில் புரிந்துவிடும்.

இன்னொன்று, கோ ஃபர்ஸ்ட். 2023 மே தொடக்கத்தில் அந்த நிறுவனம் தானாகவே திவால் மனு போட்டது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் வராததால் பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். விமானங்களோ குத்தகைக்கு எடுத்தவை. திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி தடைக்காலம் அமலானதும், உரிமையாளர்கள் தங்கள் விமானத்தைத் தாங்களே எடுத்துப்போக முடியாமல் நின்றார்கள். கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா இணைந்திருந்தும் அதற்கென உள்நாட்டுச் சட்டம் இல்லாததால் வந்த வினை. 2023 அக்டோபரில் விமானங்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது என்று அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025-ல் விமானப் பொருள்களின் மீதான உரிமைகளைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இடைப்பட்ட காலத்தில் குத்தகைக்கு விடுகிறவர்கள் இந்தியாவை எப்படிப் பார்த்தார்கள், அது மற்ற நிறுவனங்களின் மாத வாடகையில் எப்படி ஏறியது என்பதை ஒரு பருவம் முழுக்கப் படிக்கலாம். விமான நிலையப் பக்கம் வருகிறவர்களுக்கு 2006-ல் தில்லியும் மும்பையும் தனியாருக்குப் போன ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வருவாயில் 45.99 விழுக்காட்டை ஆணையத்துக்குத் தருகிறேன் என்று தில்லிக்கு ஏலம் கேட்டவர் எந்தக் கணக்கில் கேட்டிருப்பார்? பின்னால் வந்த ஏலங்கள் ஏன் ஒரு பயணிக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறின? இப்படிக் கேள்வி கேட்கும் வகுப்பில் நானே போய் உட்காரத் தயார்.

வெளிநாட்டைப் பார் என்று சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஆனாலும் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டைச் சொல்லாமல் முடியாது. 1946-ல் வானூர்திக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவராக இருந்த ரிகாஸ் டோகானிஸ் 1990-களின் நடுவில் ஒலிம்பிக் ஏர்வேஸை நடத்தப் போனார். நம்மில் பலர் மேசையில் இருக்கும் ‘ஃப்ளையிங் ஆஃப் கோர்ஸ்’ அவர் எழுதியது, முதல் பதிப்பு 1985. வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஆள் போய் வந்துகொண்டிருந்த இடத்தில்தான் அப்படிப்பட்ட புத்தகம் பிறக்கும். இங்கேயும் முயற்சி இல்லாமல் இல்லை. 2013-ல் சட்டம் இயற்றி உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் அமைத்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகம், விமான நிலைய இயக்கத்துக்கான முதுநிலை டிப்ளமோவை ஜிஎம்ஆரோடு சேர்ந்து நடத்தி, வகுப்போடு பணிப்பயிற்சியையும் வைத்தது. அந்த வழி சரியான வழி.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விமானத் துறை மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்க வேண்டும். ரேம்பில் மழையில் நின்று புஷ்பேக்குக்குக் காத்திருந்தவருக்கும், இரவு இரண்டு மணிக்கு ரத்தான பயணத்தின் நூற்றெண்பது பேரை எதிர்கொண்டவருக்கும் அந்தப் பாடம் வேறு மாதிரி இறங்கும். இதை ஒரு பேராசிரியரிடம் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டார்: “வேலைக்குப் போயிட்டா உங்க ஆட்கள் படிக்க விடுறீங்களா?” பதில் சொல்ல முடியவில்லை. தரைப்பணியில் சேர்கிறவர்களுக்கு வார விடுப்பு ஒரு வாரம் செவ்வாய், மறு வாரம் வெள்ளி. சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தவர் மூன்றாம் வாரமே நின்றுவிடுகிறார். கல்லூரி பயிற்சிக்கு அனுப்பும் மாணவரை நாமும் சக்கர நாற்காலி எண்ணவும் வரிசை ஒழுங்குபடுத்தவும் நிறுத்திவைக்கிறோம். ரோஸ்டர் அறைக் கதவு அவருக்குத் திறப்பதில்லை. தகவல் ரகசியம் என்கிறோம். மூன்று ஆண்டுக்கு முந்தைய தாமதப் பதிவேட்டில் அப்படி என்ன ரகசியம்?

நமக்கு மேலாளர்கள் தாமதமாக வருகிறார்கள் என்றால் அதற்கும் குறியீடு 93தான். முதல் ஊரில் நின்று தாமதம் செய்தவர்கள் நாம்.

கோடைகால அட்டவணை 2026 மார்ச் 29 அன்று தொடங்குகிறது. அதற்கான ரோஸ்டர் இப்போது உங்கள் மேசையில்தான் இருக்கும். உங்கள் பிரிவில் படிக்க விரும்பும் ஒருவருக்காவது சனிக்கிழமையை நிலையான விடுப்பாகப் போட்டுக் கொடுங்கள். பயிற்சிக்கு வரும் ஒரு மாணவருக்குக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி போடுங்கள். பெயர்களை மறைத்த உங்கள் பழைய தாமதப் பதிவுகளைப் பாடமாக்கத் தர விரும்புகிறவர்கள் இதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்கும் கல்லூரிகளுக்கு அவற்றைக் கொண்டு சேர்ப்பது எங்கள் வேலை.