பென்ஷன் வாசலுக்கு வருகிறது. தடுப்பூசி ஏன் வரவில்லை?

இது 2021 ஜூலை. மாதம் பிறந்தால் போதும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் முதல் தேதி பொழுது விடியும்போதே அரசின் கிராம வாலன்டியர் கதவைத் தட்டுகிறார். கைரேகையை வாங்கிக்கொண்டு, முதியோர் பென்ஷன் 2,250 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். எழுந்து நடமாட முடியாதவர் என்றால் கட்டிலருகே வந்தே தருகிறார். அதே முதியவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமானால், காலையிலேயே ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். டோக்கனுக்கு நிற்க வேண்டும். மணிக்கணக்கில் நின்ற பிறகு, "ஸ்டாக் முடிஞ்சிபோச்சி, அப்புறம் வாங்க" என்ற பதிலோடு திரும்பவும் நேரலாம்.

பணத்தை வாசலுக்குக் கொண்டுவர முடிகிற அரசால், உயிரைக் காக்கும் ஊசியை ஏன் கொண்டுவர முடியவில்லை? இந்த ஜூலையில் சித்தூர், திருப்பதி வட்டார மக்கள் சார்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வரிசை சரி, வழி சரியில்லை

யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று மத்திய அரசு வகுத்த வரிசையில் நியாயம் இருந்தது. ஜனவரி 16 அன்று மருத்துவர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என மருத்துவமனை ஊழியர்களிலிருந்து தொடங்கினார்கள். பிப்ரவரியில் போலீஸார், நகராட்சி, வருவாய்த்துறைப் பணியாளர்கள் போன்ற முன்களப் பணியாளர்கள் சேர்ந்தார்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வழி திறந்தது. ஏப்ரல் 1 முதல் 45 வயதான எல்லோருக்கும், மே 1 முதல் 18 வயதான எல்லோருக்கும் என்று அது விரிந்தது. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் 30 கோடி முன்னுரிமைப் பிரிவினருக்குப் போட்டு முடிப்பது என்பது ஆரம்ப இலக்கு.

ஜூலை தொடக்கத்தில் நாடு 35 கோடி டோஸைத் தாண்டிவிட்டது. இது சாதாரண காரியம் அல்ல. ஆனால் 30 கோடி பேருக்கு இரண்டு டோஸ் என்றால் 60 கோடி டோஸ் வேண்டும். போட்ட 35 கோடியும் முன்னுரிமைப் பிரிவினருக்கே போய்ச் சேரவும் இல்லை. முதல் மூன்று மாதம் ஓரளவு ஒழுங்காக நகர்ந்த வரிசை, இரண்டாம் அலை அடித்தபோது கலைந்தது. சரக்கு குறைவாக இருந்த நேரத்தில் தகுதியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். செல்போனும் இணையமும் உள்ளவர் கோவின் என்ற பதிவுத் தளத்தில் இடம் பிடித்தார். இல்லாதவர் வரிசையில் நின்றார். நிற்கவும் தெம்பு இல்லாதவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்தான் அந்த மூன்றாமவர்.

மாநிலங்கள் தாங்களே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற மே மாத ஏற்பாடு நிலைமையை மோசமாக்கியது. ஆந்திர அரசு உலகளாவிய டெண்டர் விட்டுப் பார்த்தது. விற்க ஒருவரும் முன்வரவில்லை. 18 முதல் 44 வயது வரையானவர்களைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லும் கொள்கை முதற்பார்வையிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று மே 31 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஜூன் 21 முதல் 75 சதவீதத் தடுப்பூசியை மத்திய அரசே வாங்கி இலவசமாகத் தருகிறது. அந்தத் திருத்தம் வரவேற்கத்தக்கது. அதற்கு ஏழு வாரம் ஆனது என்பதும், அந்த ஏழு வாரத்தில்தான் தொற்று உச்சத்தில் இருந்தது என்பதும் மறக்கக்கூடாதவை.

திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் மே 10 இரவு நடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. ஆக்சிஜன் டேங்கர் வந்து சேரத் தாமதமாகி அழுத்தம் குறைந்தது. அரசின் கணக்கிலேயே 11 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வரை ஒருவர் வந்துவிட்டால் அவர் பிழைப்பது எத்தனை ஏற்பாடுகளின் கையில் இருக்கிறது என்பதை அந்த இரவு காட்டியது. அந்தக் கட்டிலுக்கு ஆள் வராமல் தடுக்கத்தான் தடுப்பூசி. அது முதலில் போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேராவிட்டால், மொத்த எண்ணிக்கை எத்தனை கோடி ஏறினாலும் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் குறையாது.

விடுபட்டவர்கள் யார்?

முன்களப் பணியாளர் யார் என்பதை அரசுச் சம்பளப் பட்டியலே தீர்மானித்தது. திருப்பதி போன்ற யாத்திரை ஊரில் வெளியூர்க்காரரோடு நாள் முழுக்கப் பழகுபவர்கள் யார் யார்? மலையடிவாரமான அலிபிரியிலும் ரயில் நிலையத்திலும் நிற்கும் ஆட்டோ, ஜீப் ஓட்டுநர்கள், சத்திரங்களைக் கழுவித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்கள், பூ விற்பவர்கள், டீக்கடைக்காரர்கள். கடந்த ஆண்டு திருமலையில் அர்ச்சகர்கள் உட்பட தேவஸ்தான ஊழியர்கள் பலருக்குத் தொற்று வந்ததை நாடே பார்த்தது. மலையில் பணிபுரிபவருக்கு ஆபத்து என்றால், அவரையும் பக்தரையும் ஏற்றி இறக்குபவருக்கும் அதே ஆபத்துதான். ஆனாலும் தேசிய வரிசையில் இவர்களுக்குத் தனி இடம் இல்லை.

இணைநோய்ப் பட்டியலிலும் அப்படித்தான். மார்ச் மாதப் பட்டியலில் 20 நோய்நிலைகள் இருந்தன. பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அல்லது அதனால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும். கூடவே ரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சை எடுக்க வேண்டும். ராமகுப்பம் பக்கம் ஒரு குக்கிராமத்தில் இருப்பவர் இந்தச் சான்றுக்கு எங்கே போவார்? 45 வயது ஆகாத டயாலிசிஸ் நோயாளியின் நிலை இன்னும் மோசம். 35 வயதில் வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வரும் அவருக்கு மே 1 வரை தகுதியே இல்லை. அதற்குப் பிறகும் ஆரோக்கியமான இளைஞர்களோடு போட்டிபோட வேண்டியதாயிற்று.

உழைக்கும் மக்களுக்கு நேரமே எதிரி. இது மாங்காய்க் காலம். தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்க, மாங்கூழ்த் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. மதனப்பள்ளி தக்காளி மண்டியில் அதிகாலையிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. நகரி, புத்தூர் பகுதியில் விசைத்தறி நின்றால் அன்றைய கூலி நின்றது. முகாமோ பெரும்பாலும் பகல் வேலைநேரத்தில்தான் நடக்கிறது. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும். ஊசி கிடைக்குமா என்பதே உறுதியில்லாதபோது எந்தக் கூலிக்காரர் வேலையை விட்டுவிட்டு வருவார்?

தனியாரில் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அங்கே கோவிஷீல்டுக்கு 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய் என்பது மத்திய அரசு விதித்த உச்சவரம்பு. ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி இந்த ஆண்டு 245 ரூபாய். இரண்டு டோஸ் கோவிஷீல்டுக்கே ஆறு நாள் கூலி போதாது. கிராமத்தில் வாங்க ஆளில்லை. ஆனால் உற்பத்தியில் 25 சதவீதம் தனியாருக்கென ஒதுக்கப்படுகிறது. தனியாரிடம் தேங்குவதை மாநிலத்துக்குத் திருப்பித் தரும்படி முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி பிரதமரிடம் கேட்டிருப்பது நியாயமான கோரிக்கை.

இரண்டாம் டோஸ் குழப்பம்

கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கு முதலில் 28 நாள் இடைவெளி என்றார்கள். மார்ச்சில் அது 6 முதல் 8 வாரம் ஆனது. மே 13 அன்று 12 முதல் 16 வாரம் ஆனது. இதற்கு அறிவியல் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அதை ஊருக்குள் போய் யாரும் விளக்கவில்லை. தேதி குறித்துவைத்துக் காத்திருந்தவர்கள் முகாம் வாசலில்தான் மாற்றத்தைத் தெரிந்துகொண்டார்கள். கோவாக்சின் போட்டவருக்கு நேர்மாறான கஷ்டம். அவருக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வேண்டும், சரக்கு இல்லை. ஹைதராபாத் அருகே தயாராகும் ஊசி, அதே தெலுங்கு தேசத்துக் கிராமத்தில் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை மக்களுக்கு வந்தது.

கோவின் தளம் ஜூன் மாதம் வரை தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. குப்பம், நகரி, சத்தியவேடு பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்த குடும்பங்கள் ஏராளம். அங்கே ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எல்லை மண்டலங்களின் மக்கள் வைத்தியத்துக்கு வேலூருக்கும் திருத்தணிக்கும் போவது தலைமுறைப் பழக்கம். முதல் டோஸைத் தமிழ்நாட்டில் போட்டுக்கொண்டவர் இரண்டாவதை ஆந்திரத்தில் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்பதை இரு மொழியிலும் எழுதி ஒவ்வொரு மையத்திலும் ஒட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

முடியும் என்று காட்டியவர்கள்

ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆஷா பணியாளர்களும் ஏ.என்.எம். செவிலியர்களும் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுப்பு நடத்தி, முகாமிலும் நின்று உழைத்தார்கள். ஜூன் 20 அன்று ஒரே நாளில் ஆந்திரம் 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஊசி போட்டது. சரக்கு வந்தால் இந்த மாநிலத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு முன்னுரிமை தந்ததும் நல்ல முடிவு. கர்ப்பிணிகளுக்கும் ஜூலை 2 அன்று மத்திய அரசு அனுமதி தந்துவிட்டது.

வீட்டுக்கே போய்ப் போட முடியாது என்பதற்கு மத்திய அரசு சொல்லும் காரணங்கள் உண்மையானவைதான். திறந்த குப்பியை நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் வீணாகும். போட்டுக்கொண்டவரை அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். ஆனால் ராஜஸ்தானில் பிக்கானீர் நகரம் ஜூன் நடுவில் இதற்கு வழி கண்டது. பத்துப் பேர் பதிவு செய்ததும் வண்டி கிளம்பும் என்று விதி வைத்தார்கள். ஒரு குப்பியில் பத்து டோஸ் என்பதால் வீணாவதில்லை. மருத்துவப் பணியாளர் அங்கேயே இருந்து கவனிக்கிறார்.

இங்கே அதைவிட வசதி இருக்கிறது. ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலன்டியர் உண்டு. 2020 ஜூலையில் மாநில அரசு கொடியசைத்து அனுப்பிய 1,088 வண்டிகளில், மண்டலத்துக்கு ஒன்று என '104' சேவையின் நடமாடும் மருத்துவ வண்டியும் உண்டு. முதியோர் பென்ஷன் வயது 60. தடுப்பூசி முன்னுரிமை வயதும் 60. படுத்த படுக்கையானவர்களுக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் தனிப் பென்ஷன் தருவதால், அவர்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது அரசுக்குப் பெயரோடு தெரியும். புதிதாகக் கணக்கெடுக்க ஒன்றுமே இல்லை. போலியோவை இந்த நாடு ஒழித்ததும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வராத குழந்தையை அடுத்த நாட்களில் வீட்டுக்கே தேடிப்போய், கதவில் குறி போட்டுவிட்டு வந்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கை வைரஸால் போலியோ வரவில்லை.

உடனே செய்ய வேண்டியவை

மாவட்ட ஆட்சியரும், திருப்பதி மாநகராட்சி ஆணையரும், சுகாதாரத்துறையும் செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடலாம்.

ஒன்று: ஒவ்வொரு கிராம, வார்டு அரசு அலுவலகமான சச்சிவாலயத்திலும் பென்ஷன் பட்டியலையும் தடுப்பூசிப் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களை எடுக்க வேண்டும். பத்துப் பெயர் சேர்ந்ததும் 104 வண்டி அந்த ஊருக்குப் போக வேண்டும். நடக்க முடியாதவருக்குக் கட்டிலருகே போட வேண்டும்.

இரண்டு: மறுநாள் எந்த மையத்தில், எந்த ஊசி, எத்தனை டோஸ், யாருக்கு என்பதை முதல் நாள் மாலையே சச்சிவாலயப் பலகையில் எழுதி, தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். டோக்கன் கொடுத்துவிட்டால் ஊசி உறுதி என்று இருக்க வேண்டும். எல்லை மண்டலங்களில் இந்த அறிவிப்பு தமிழிலும் இருக்கட்டும்.

மூன்று: மாங்கூழ் ஆலைகள், தக்காளி மண்டி, தறிக்கூடங்கள், திருப்பதி பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் மாலை நேர முகாம் வேண்டும்.

நான்கு: அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போட மே 6 அன்றே மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. சாதுக்கள், பிச்சை எடுப்பவர்கள், இல்லங்களில் இருப்பவர்கள் அதில் அடங்குவார்கள். திருப்பதியைப் போல் இந்த நெறிமுறை தேவைப்படும் ஊர் அதிகம் இல்லை. கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கமும் ரயில் நிலைய ஓரத்திலும் படுத்திருப்பவர்களைத் தேடிப்போய்ப் போட வேண்டும்.

ஐந்து: 60 வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு டோஸும் முடிந்தது என்பதை மாவட்டத்தின் 66 மண்டலங்களுக்கும் வாரந்தோறும் தனித்தனியாக வெளியிட வேண்டும். மாநிலத்தின் மொத்தக் கணக்கில் ஒரு கிராமத்தின் குறை தெரியாது.

மக்களும் ஒன்று செய்யலாம். ஆகஸ்ட் முதல் தேதி வாலன்டியர் பென்ஷனோடு வருவார். பணத்தை வாங்கும்போதே, இந்த வீட்டுப் பெரியவருக்கு ஊசி எப்போது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் படுக்கையில் கிடப்பவரின் பெயரையும் எழுதிக்கொடுங்கள். மூன்றாம் அலை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது வருவதற்கு முன் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இரண்டு டோஸும் போட்டு முடிப்பது அரசின் கடமை. பட்டியலும் ஆட்களும் வண்டியும் கையில் இருக்கும்போது, இனித் தாமதத்துக்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை.