'எனக்கு மெஷின் வைக்காதீங்க!' எழுதி வைத்தால் செல்லுமா? இளையரசனேந்தல் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

இளையரசனேந்தல்:

சொத்துக்கு உயில் எழுதுவது நம்ம ஊர்ல புதுசு இல்லை. ஆனால் உயிருக்கு உயில்?

'நினைவு தப்பி, இனி பிழைக்க வழியில்லைன்னு டாக்டர்களே சொன்ன பிறகு, என்னை மெஷினில் போட்டு இழுக்காதீங்க' என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அது. 9-3-2018 அன்று சுப்ரீம் கோர்ட்டு இதற்கு அனுமதி தந்தது. ஆனால் மாஜிஸ்திரேட்டு கையெழுத்து வேணும்னு சொன்னதால் சாதாரண ஜனம் அந்தப் பக்கமே போகவில்லை.

24-1-2023 அன்று அந்த முடிச்சை கோர்ட்டே அவிழ்த்தது. இப்போ 2 சாட்சிகளோடு நோட்டரி வக்கீல் அல்லது கெசட்டட் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்து போட்டால் போதும். 18 வயசு நிரம்பி, தெளிந்த புத்தியோடு இருக்கணும். நமக்காக முடிவு சொல்லப்போறது யார் என்று பெயரை எழுதணும். மனசு மாறினால் எழுத்து மூலமாக ரத்து செய்யலாம்.

ஒரு நகல் அந்த நபரிடமும், இன்னொன்று உள்ளாட்சி அதிகாரியிடமும் போகணும். இங்கேதான் நம்ம பகுதிக்கு சிக்கல். 2008-ல் இளையரசனேந்தல் பிர்காவை வருவாய்த்துறை கோவில்பட்டி தாலுகாவில், அதாவது தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்த்தது. ஊராட்சிகளோ குருவிகுளம் யூனியனிலேயே விடப்பட்டன. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. பட்டா ஒரு பக்கம், பஞ்சாயத்து ஒரு பக்கம் என்று அலைந்த ஜனத்துக்கு, இந்தக் காகிதத்தை எங்கே கொடுக்கணும்னு குழப்பம் வராதா? கோர்ட்டு சொன்னது உள்ளாட்சியை. ஆகவே போகவேண்டியது பஞ்சாயத்து பக்கம், தாலுகா ஆபீசுக்கு அல்ல.

காகிதம் இருந்தாலும் ஆஸ்பத்திரி உடனே மெஷினை எடுத்துவிடாது. ரெண்டு டாக்டர் குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொள்ளணும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகணும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இப்பவும் குற்றம்தான்.

'சாவுக்கு பத்திரமா?' என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை யோசிக்கணும். ஐ.சி.யூ. வாசலில் அண்ணன் 'எடுத்துடலாம்' என்பார், தங்கச்சி 'கூடாது' என்பார். நகை அடகுக்கு போகும், உறவும் அறுந்துபோகும். பெத்தவர் எழுதி வைத்திருந்தால் அந்தப் பழி எந்தப் பிள்ளை தலையிலும் விழாது.

நல்லா இருக்கும்போதே பேசிடுங்க!